வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா
மூச்சுக்குழாயில் குழாய் செருகி, செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டவருக்கு 48 மணி நேரம் கடந்தபின் வரும் நுரையீரல் தொற்று. பழி இயந்திரத்தின் மேல் விழுந்தாலும், கிருமிக்கு வழிவிடுவது பெரும்பாலும் அந்தக் குழாய்தான். அது உள்ளே இருக்கும்வரை நோயாளியால் சரியாக இரும முடியாது. குழாயைச் சுற்றி உப்பியிருக்கும் சிறு பலூனுக்கு மேல் எச்சிலும் சளியும் தேங்கி, பலூனின் மடிப்புகள் வழியே சொட்டுச் சொட்டாகக் கீழே கசியும். இந்திய மருத்துவமனைகளில் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் கிருமிகளே அதிகம். பல மருந்துகளுக்கு இவை மசிவதில்லை. தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்துவது, மயக்க மருந்தைக் குறைப்பது, பல் துலக்கிவிடுவது ஆகியவை தடுப்பு முறைகள். வாய் துடைக்க நெடுங்காலம் பயன்பட்ட குளோர்ஹெக்சிடினை 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. பெரும்பாலோருக்கு 7 நாள் ஆன்டிபயாடிக் போதும்.