இருவாழ்விகளில் கலப்பினமாதலின் உடலியங்கியல் விளைவுகள்

இருவாழ்விகளில் கலப்பினமாதல் என்பது நெருங்கிய உறவுடைய இரு தவளை, தேரை அல்லது சாலமாண்டர் இனங்கள் கூடிச் சந்ததி உண்டாவது. பெரும்பாலான தவளைகளிலும் தேரைகளிலும் முட்டை தாயின் உடலுக்கு வெளியே, பலவற்றில் தண்ணீரில், கருவுறுகிறது. ஆண் முதுகில் ஏறிப் பற்றிக்கொள்ள, பெண் முட்டையிட, அதன்மேல் விந்து படுகிறது. அதனால் வேற்றினத்து விந்து வந்து சேர்வது பாலூட்டிகளைவிட இங்கே எளிது. அப்படிக் கருவுற்ற முட்டை எந்த அளவுக்குப் பிழைக்கும் என்பது வேறு கேள்வி.

மதுரை கே.கே. நகரை ஒட்டிய வண்டியூர் கண்மாய் போன்ற நீர்நிலைகளில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பல இனங்கள் ஒரே இரவில் சேர்ந்து கத்துகின்றன. தென்னிந்தியச் சமவெளியில் காணப்படும் இந்தியப் பெருந்தவளையும் ஜெர்டன் தவளையும் ஹோப்லோபாட்ரகஸ் என்ற ஒரே பேரினம். நீர்மேல் தத்திப் போகும் தவளையும் பச்சைக் குளத்தவளையும் யூஃப்ளிக்டிஸ் பேரினம். ஆண் தேரையோ அவசரக்காரன். அருகே அசைந்ததை எல்லாம் பற்றிக்கொள்ளும். பிடிபட்டது இன்னொரு ஆண் என்றால், அது ஒரு தனிக் குரல் எழுப்பி விடுவித்துக்கொள்ளும். இத்தனை நெருக்கடியிலும் இனங்கள் கலங்கிப் போகாததற்கு முதல் காவல் ஆணின் அழைப்புக் குரல்தான். பெண் தன் இனத்துக் குரலை நாடியே போகிறது.

இரண்டாவது காவல் முட்டைக்குள் இருக்கிறது. குரோமோசோம் எண்ணிக்கை ஒத்திருப்பதை வைத்து அதை அளக்க முடியாது. பெருந்தவளைக்கும் தத்தும் தவளைக்கும் 26 குரோமோசோம்களே. ஆனால் இரண்டும் வெவ்வேறு பேரினங்கள். எண்ணிக்கையைவிட, தாயின் முட்டைப் பொருளும் தந்தையின் மரபணுக்களும் ஒத்துப்போவதே முக்கியம். ஆப்பிரிக்காவின் செனோபஸ் தவளைகள் இதற்கு நல்ல சான்று. செனோபஸ் லேவிஸ் முட்டையில் செனோபஸ் டிராபிகாலிஸ் விந்து சேர்ந்தால் தலைப்பிரட்டை உருவாகிறது. தாயையும் தந்தையையும் மாற்றினால் கரு தொடக்க நிலையிலேயே இறக்கிறது. 2018இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது: இறக்கும் கருக்களில் தந்தைவழிக் குரோமோசோம்களின் பகுதிகள் செல் பிரியும்போது தொலைகின்றன, வளர்சிதை மாற்றமும் சீர்குலைகிறது.

பிழைத்து வளர்ந்தாலும் மலட்டுத்தன்மை காத்திருக்கும். இனப்பெருக்கச் செல் உருவாகும் குன்றல் பகுப்பின்போது இரு பெற்றோரின் குரோமோசோம்கள் சரியாக இணை சேராததே பெரும்பாலும் காரணம். கலப்பினத்தில் ஒரு பால் மட்டும் பாதிக்கப்பட்டால், அது இருவகைப் பாலினக் குரோமோசோம் உள்ள பாலாகவே இருக்கும் என்பது ஹால்டேன் விதி. செனோபஸ் லேவிஸில் அத்தகைய பால் பெண். ஆனால் லேவிஸ், முல்லெரி ஆகிய இனங்களின் கலப்பில் மலடாவது ஆண். 2008இல் மலோனும் மிகலாக்கும் பால் மாற்றப்பட்ட கலப்பினங்களை ஆராய்ந்து, குரோமோசோம் எதுவானாலும் உடல் ஆணாக இருந்தால் மலடு என்று காட்டினர். விதியை அப்படியே நம்புவோருக்கு இது தேவையான அடி.

கலப்பால் கேடு மட்டுமே விளைவதில்லை. நம் ஊர் வீரிய ஒட்டு நெல்லைப்போல, பெற்றோரைவிடத் திடமான கலப்பினங்களும் உண்டு. அமெரிக்கப் பாலைநிலத்தின் ஸ்பியா பாம்பிஃப்ரன்ஸ் தேரைப் பெண், ஆழமற்ற, விரைவில் வற்றும் குட்டைகளில் வேற்றினமான ஸ்பியா மல்டிபிளிகேட்டா ஆணைத் தேர்கிறது என்று காரின் ஃபென்னிக் 2007இல் அறிவித்தார். கலப்பினத் தலைப்பிரட்டை தாயினத்தைவிட வேகமாக உருமாற்றம் அடைந்து, குட்டை காயுமுன் கரையேறிவிடும். விலையும் உண்டு: கலப்பின ஆண்கள் மலடு, பெண்கள் குறைவாகவே முட்டையிடும்.

ஐரோப்பாவின் உண்ணத்தக்க தவளை இன்னும் விநோதமானது. குளத்தவளைக்கும் சதுப்புத் தவளைக்கும் பிறந்த இக்கலப்பினம், இனப்பெருக்கச் செல் உருவாகும் முன் ஒரு பெற்றோரின் மரபுத்தொகுதியை முழுவதும் நீக்கிவிட்டு மற்றதை மட்டும் கைமாற்றுகிறது. அதனால் பல இடங்களில் ஒரு பெற்றோரினத்தோடு கூடியே தலைமுறை தலைமுறையாக நிலைக்கிறது.

கலிஃபோர்னியாவில் நடந்தது எச்சரிக்கை. சலினாஸ் பள்ளத்தாக்கில் தூண்டில் இரைக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த புலிச் சாலமாண்டர்கள் உள்ளூர் இனத்தோடு கலந்தன. கலப்பினக் குஞ்சுகள் தூய இனத்தைவிட நன்றாகப் பிழைப்பதாக 2007இல் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் ஷாஃபரும் கண்டனர். அவை தாம் வாழும் குளங்களின் பிற இருவாழ்விகளையும் தின்று குறைக்கின்றன. அந்தமானில் இந்தியப் பெருந்தவளை பரவியதில் மீன் குஞ்சுகளோடு வந்த தலைப்பிரட்டைகளுக்குப் பங்குண்டு. அங்கே கலப்பு நேர்ந்ததாகத் தெரியவில்லை, ஆனால் அங்கும் மனிதர் வழியாகவே வேற்றினம் வந்தது. கண்மாயில் மீன்குஞ்சு விடுவோர், குஞ்சு வந்த தண்ணீரில் தலைப்பிரட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகே விட வேண்டும்.