சாங்கிச் சுவர்களில் எழுந்த துதி

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரணடைந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர் ஆயிரக்கணக்கில் தீவின் கிழக்குக் கோடியிலுள்ள சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ராபர்ட்ஸ் படைமுகாம் அவர்தம் மருத்துவமனையாயிற்று. பெயர்தான் மருத்துவமனை, மருந்தும் உணவும் அங்கே அருகியே கிடைத்தன.

அதன் 151ஆம் கட்டடத்தில் கடும் வயிற்றுக்கடுப்பால் நலிந்து கிடந்தார் ஸ்டான்லி வாரன் என்னும் ஆங்கிலேயப் பீரங்கிப்படை வீரர். கீழ்த்தளத்தில் கைதிகள் சிற்றாலயம் ஒன்றை அமைத்து, மருத்துவர் என மரபு போற்றும் தூய லூக்காவின் பெயரை அதற்கு இட்டிருந்தனர். அங்கு எழுந்த வழிபாட்டொலி மேலே படுத்திருந்த நோயாளியின் செவிக்கும் எட்டியது. அவர் ஓவியம் வல்லார் என்றறிந்த குருமார், ஆலயச் சுவர்களில் வரைந்து தருமாறு வேண்டினர்.

எழுந்து நிற்கவும் வலுவற்ற ஒருவரிடம் இவ்வாறு வேண்டுதல் தகுமோ என்று இன்று கேட்கத் தோன்றும். வாரன் மறுக்கவில்லை. சிறிது நேரம் வரைவார், களைத்ததும் ஓய்வார், மீண்டும் தொடர்வார். வண்ணத்திற்கு எங்கே போவது? உடனிருந்த கைதிகள் காவலர் கண்ணுக்குத் தப்பிக் கொணர்ந்தவற்றையே கொண்டு அவர் வரைந்தார். படைக்கலங்களை மறைக்கப் பூசும் பழுப்புச் சாயம், சிறிது செஞ்சாயம், வெள்ளைச் சாயம், பில்லியர்ட் ஆட்டத்திற்குரிய நீலச் சுண்ணக்கட்டி ஆகியன கிடைத்தன. அச்சுண்ணக்கட்டியைப் பொடித்தே நீலவண்ணம் ஆக்கப்பட்டது.

முதல் ஓவியம் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வேளையில் நிறைவுற்றது. இயேசுவின் பிறப்பையும், நல்மனத்தோர்க்கு அமைதி கூறும் வானோர் செய்தியையும் அது காட்டியது. சிலுவைக் காட்சியிலோ, தம்மைக் கொல்வோரை மன்னிக்குமாறு இயேசு தந்தையிடம் வேண்டிய சொற்களை வாரன் பொறித்தார். பகைவரின் காவலில் பசித்திருப்போர் நாள்தோறும் நோக்கி வணங்கும் சுவரில் இச்சொற்களை எழுதுவதற்கு எத்துணை உள்ள உரம் வேண்டும்! தமக்கு வாய்த்த துன்பத்தையே வரைந்து முறையிட அவருக்கு உரிமை இருந்தது. அவர் அதனைச் செய்யவில்லை.

இப்பணியே அவருயிரைக் காத்தது எனலாம். அவருடன் இருந்தோர் சயாம் – பர்மா இரயில்பாதைக்கு அனுப்பப்பட்டபோது, ஓவியங்கள் முடியவேண்டுமென அதிகாரி ஒருவர் தலையிட்டு அவரை நிறுத்திக்கொண்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவரை விழுங்கியதும் அதே பாதையன்றோ?

பின்னர் அவ்வாலயம் பண்டசாலையாயிற்று. சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், ஐந்து ஓவியங்களுள் ஒன்றன் கீழ்ப்பகுதி, கதவு வைப்பதற்காக இடிக்கப்பட்டது. 1958இல் பிரிட்டிஷ் விமானப்படையினர் அவற்றைக் கண்டெடுத்தனர். வரைந்தவர் லண்டனில் ஓவிய ஆசிரியராயிருந்தமை பின்னரே தெரியவந்தது. சாங்கிக்குத் திரும்ப வாரன் தயங்கினார். மறக்க முயன்ற நாள்கள் அவை. எனினும் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் மும்முறை வந்து, மங்கிய உருவங்களைத் தம் கையாலேயே செப்பனிட்டார். இடிந்த பகுதியை மட்டும் அவர் மீண்டும் வரையவில்லை.