கடாரத் துறையில் காற்றுக்குக் காத்திருந்த கலங்கள்

கெடாவில் பனி பெய்வதில்லை. எனினும், ஆண்டின் தொடக்கத்தில் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். மாணவர்கள் ஆண்டுதோறும் காணும் இக்காற்றே, முன்னாளில் கடாரத் துறைகளினின்று மரக்கலங்களை வங்கக் கடலுக்கு அனுப்பி வைத்தது. கடாரம் என்றதும் 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திரன் நிகழ்த்திய படையெடுப்பை நினைக்கிறோம். கலத்தில் வந்தவர் புகழ் பேசப்படுகிறது. அக்கலத்தைக் கடலுக்கு ஆயத்தஞ் செய்தவர் உழைப்போ பேசப்படுவதில்லை.

கடாரத்தின் தொடர்பு இராசேந்திரனுக்கும் முற்பட்டது. பட்டினப்பாலை குறிக்கும் காழகத்திற்குக் கடாரம் என்றே உரை கண்டார் நச்சினார்க்கினியர். காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தியவன் வழிவந்தவன் எனக் கரிகாலனைப் புறநானூற்றில் போற்றுகிறார் வெண்ணிக் குயத்தியார். ஆயினும், காற்று எவருக்கும் நினைத்தபோது பணி செய்வதன்று. சோழ நாட்டுக் கரையினின்று கிழக்கே வரத் தென்மேற்குப் பருவக்காற்றும், மீண்டு செல்ல வடகிழக்குப் பருவக்காற்றும் துணை புரிந்தன. ஒன்று ஓய்ந்து மற்றொன்று எழுமட்டும் துறையிலே தங்குதல் வேண்டும்.

இதற்குச் சீனத் துறவி இ-சிங் சான்று பகர்கிறார். 671இல் குவாங்சோவினின்று புறப்பட்ட அவர், சிரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி, மலாயு வழியாகக் கடாரம் அடைந்தார். சீனக் கணக்கில் பன்னிரண்டாந் திங்களில் அங்குக் கலமேறி, 673இல் வங்கக் கரையிலுள்ள தாமிரலிப்தியைச் சேர்ந்தார். சீனம் திரும்புவோர் குளிர்காலம் வரும்வரை கடாரத்தில் தங்கியிருந்து, பின்னரே தெற்கு நோக்கிச் செல்வர் என்றும் அவர் எழுதியுள்ளார்.

இவ்வாறு தங்கும் காலம் மரக்கலத்திற்கு ஓய்வுக்காலமன்று, செப்பனிடும் காலமாகும். வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கும் புழுக்கள் மிகுதி. பாசியும் சிப்பியும் அடிப்பலகையிற் படிந்து கலத்தின் விரைவைக் குறைக்கும். ஆதலின் கலத்தைக் கரையேற்றிச் சுரண்டித் தூய்மை செய்வர். பண்டைக் கலங்கள் பல, பலகைகளைக் கயிற்றால் தைத்தும் பிணித்தும் கட்டப்பட்டவை. பகாங்கைச் சேர்ந்த பொந்தியானில் 1926இல் கண்டெடுக்கப்பட்ட பழங்கலமும் அத்தகையதே. இற்ற கயிற்றை மாற்றாது கடலிற் செல்வது உயிருக்கே கேடாம். பலகை இடுக்குகளில் நாரைச் செருகி, குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிப் பூசுவர். இதனையே தமிழர் கலப்பற்று என்பர். புன்னை வித்தின் எண்ணெயும் மரத்தைக் காக்க உதவும். அப்புன்னையை மலாய் மக்கள் பெனாகா என்பர். பினாங்கு முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்ற பழம்பெயர் இம்மரத்தால் வந்ததே.

குங்கிலியமும் பிரம்பும் மரமும் மலாயாக் காடுகள் தரும் பொருள்கள். 1,217 மீட்டர் உயர்ந்த செராய் மலை, கரை காணும் மாலுமிக்கு அடையாளமாகும். அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றையொட்டிய சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வு, இரும்புருக்கிய உலைகளையும் செங்கல்லாலான படகுத்துறைகளின் எச்சங்களையும் காட்டியது. பொருள் விற்கும் சந்தையாக மட்டுமன்றி, கைத்தொழிலாளர் நிறைந்த ஊராகவும் அது விளங்கியது என்பதற்கு அவ்வுலைகளே போதிய சான்று.

உழைத்து முதிர்ந்த எருதை உழவர் புல்வெளியில் ஓய்வாக விடுவதுபோல, பழுதுற்ற முதிய அம்பியைப் பரதவர் புன்னை நிழலிற் கட்டிவைப்பதை நற்றிணைப் பாட்டொன்று (315) காட்டுகிறது. ஓடாத ஓடத்தையும் மதித்த மரபு நம்முடையது. அதனை ஓட வைத்த தச்சரையும் கயிறு திரித்தோரையும் பாடநூல் மறந்திருக்கலாம். ஆசிரியர் மறத்தல் ஆகாது. ரப்பர் இலை உதிரும் அடுத்த பருவத்தில், வகுப்பறைச் சன்னல் வழியே வரும் அக்காற்றையே பாடமாக்கிச் சொல்லலாம்.