தோற்ற தளபதிக்குக் கிடைத்த சேலம்

1781 அக்டோபர் 19. அமெரிக்காவின் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனிடம் சரணடைந்தது. தளபதி காரன்வாலிஸ் பிரபுவோ உடம்பு சரியில்லை என்று சொல்லி அந்தப் பக்கமே வரவில்லை. வாளை ஒப்படைக்கும் அவமானம் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ஓஹாராவின் தலையில் விழுந்தது. ஒரு நாட்டையே கைநழுவவிட்டவரை லண்டன் ஒதுக்கவில்லை என்பதுதான் வியப்பு. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார்.

சேலம், நாமக்கல் சமவெளி அப்போது மைசூர் ஆட்சியில் இருந்தது. 1768இல் கம்பெனியின் கர்னல் உட் இங்குள்ள கோட்டைகளைப் பிடித்ததும், சில மாதங்களில் மைசூரின் ஹைதர் அலி மீட்டுக்கொண்டதும் பழைய கதை. பிடிப்பது எளிது, வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

1789 டிசம்பரில் கம்பெனியின் நட்பு நாடான திருவிதாங்கூரின் எல்லை அரணை ஹைதரின் மகன் திப்பு தாக்க, மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. முதலில் படை நடத்தியவர் சென்னை கவர்னர் மெடோஸ். 1790இல் திருச்சியிலிருந்து கிளம்பியவருக்குக் கரூர், கோவை, திண்டுக்கல், பாலக்காடு என்று எல்லாம் வசப்பட்டன. செப்டம்பரில் கஜலட்டிக் கணவாய் வழியே திப்பு இறங்கியதும் ஆட்டம் மாறியது.

நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் கம்பெனியின் இன்னொரு தளபதி மாக்ஸ்வெல்லின் படை; தெற்கிலிருந்து மெடோஸ் படை. இரண்டும் கைகோத்த நேரத்தில் திப்புவும் அதே வட்டாரத்தில்தான் இருந்தார். இன்று லாரிகள் திணறி இறங்கும் அந்தத் தொப்பூர் கணவாயில் புகுந்து சேலம் சமவெளிக்கு வந்து, காவிரியை ஒட்டித் திருச்சிப் பக்கம் போய்விட்டார். மெடோஸ் பின்னாலேயே அலைந்தார். அவரைக் கோழை என்று சொல்ல முடியாது. மாட்டுவண்டிகளை இழுத்துக்கொண்டு குதிரைப்படையைத் துரத்தினால் வேறென்ன நடக்கும்?

டிசம்பரில் காரன்வாலிஸ் தாமே சென்னை வந்து பொறுப்பேற்றார். கொங்குச் சமவெளியில் துரத்திப் பயனில்லை, தலைநகரையே நெருக்குவோம் என்பது அவர் கணக்கு. வேலூர், முகிலிக் கணவாய் வழியாக மேலேறி, 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை போயும், மழையில் மாடுகள் செத்து, தானியம் தீர்ந்து, சொந்தப் பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுவிட்டுத் திரும்பவேண்டியதாயிற்று. அடுத்த பிப்ரவரியில் மராட்டியர், நிஜாம் துணையோடு மறுபடி வந்தபோதுதான் திப்பு இறங்கிவந்தார்.

1792 மார்ச் உடன்படிக்கையில் பாதி ராஜ்யமும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் போயின. இரண்டு மகன்கள் பிணையாகப் போனார்கள். சேலம், நாமக்கல், சங்ககிரி, பாராமகால் எல்லாம் கம்பெனிக்கு வந்தன. கோவையும் ஈரோடும் கரூரும் 1799 வரை திப்புவிடமே இருந்ததால் காவிரி எல்லையானது. பள்ளிபாளையத்துக் குடியானவர் கம்பெனிக்கு வரி கட்ட, ஆற்றுக்கு அக்கரையில் ஈரோட்டுக்காரர் மைசூருக்குக் கட்டினார்.

வரி வசூலிக்கக் கம்பெனி அனுப்பியவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. இவர்கள் வயல்களை அளக்கத் தொடங்கிய கதை அடுத்த வாரம்.