பழைய கம்ப்யூட்டர், புது வெப்கேம்

2020 லாக்டவுன்ல எனக்கு முதல் வேலைக்கான ஆன்லைன் இன்டர்வியூ. வீட்ல இருந்தது லினக்ஸ் ஓடுற ஒரு பழைய டெஸ்க்டாப். கடன் வாங்கின வெப்கேமோ புத்தம் புதுசு; பெட்டியில விண்டோஸ் பேர் மட்டும்தான் போட்டிருந்தது. பயந்துகிட்டே சொருகினேன். உடனே முகம் தெரிஞ்சுது!

எப்படின்னு பின்னாடிதான் தேடிப் படிச்சேன். 1994-இல் வந்த கனெக்டிக்ஸ் குவிக்கேம், மேக்கின் சீரியல் போர்ட்டில் மாட்டுகிற கருப்பு வெள்ளைக் கேமரா. பிறகு யுஎஸ்பி வந்தும் கேமராவுக்கு ஒரு டிரைவர் வேண்டியிருந்தது. சிடி தொலைஞ்சா கேமராவும் போச்சு. லினக்ஸ்காரங்க பாடு இன்னும் மோசம். பிரான்ஸில் ஒரு மருத்துவர் 200-க்கும் மேற்பட்ட வெப்கேம்களுக்குத் தானே டிரைவர் எழுதினார். டாக்டருங்க, இன்ஜினியர் இல்ல!

2003-இல் யுவிசி என்ற பொது வரையறை வெளியானது. அதன்படி செய்த எல்லா கேமராவுக்கும் ஒரே டிரைவர் போதும். லினக்ஸ் கெர்னலில் அது 2008-இல், 2.6.26 பதிப்பில் சேர்ந்தது. என்னைக் காப்பாத்தினது அதுதான்.

ஆனா 1080-ல படம் திக்கித் திணறுச்சு. நொடிக்கு 30 ஃபிரேம்னா, சுருக்காத வீடியோ கிட்டத்தட்ட 1,000 மெகாபிட், யுஎஸ்பி 2.0 தாங்குறது 480. அதனால கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக்கா சுருக்கி அனுப்பும். அதை விரிக்கிற வேலை நம்ம கிழட்டு பிராசஸர் தலையில. 640×480-க்கு இறக்கினேன், ஓடுச்சு. அந்த மங்கல் முகத்தோடதான் வேலை கிடைச்சுது.