மடிக்கணினியின் வாசற்காவலன்

புதிதாக வாங்கிய மடிக்கணினியில், பல்லாண்டுகளாகப் பழகிய மென்பொருள் ஒன்றை நிறுவ முற்படும்போது, மைக்ரோசொப்ட் சரிபார்த்த செயலிகள் மட்டுமே இதில் இயங்கும் என்ற அறிவித்தல் திரையில் தோன்றி வழிமறிப்பதுண்டு. பணம் கொடுத்து வாங்கியவர் திகைத்துப் போகிறார். கணினி பழுதென எண்ணி விற்ற கடைக்கே அதனைத் திருப்பி எடுத்துச் செல்வோரும் உளர். உண்மையில் அங்கு பழுது எதுவும் இல்லை. விண்டோஸ் இயங்குதளம் 'எஸ் பயன்முறை' எனும் கட்டுப்பாட்டுடன் தொழிற்சாலையிலிருந்தே பூட்டி அனுப்பப்பட்டிருக்கிறது என்பதுதான் விடயம்.

இந்தப் பூட்டைச் சில நிமிடங்களில், கட்டணம் ஏதுமின்றி நீக்கிவிடலாம். அதற்கான வழியை இக்கட்டுரையின் பிற்பகுதியில் தருகிறேன். ஆனால் இப்படியொரு பூட்டு நமது கணினியின் வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தது, அது யாரைக் காக்கிறது என்ற கேள்விகள் அதனினும் முக்கியமானவை. அவற்றுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தமிழில் எழுதுவோருக்கும் வாசிப்போருக்கும் அந்த வரலாற்றோடு நேரடித் தொடர்பும் உண்டு.

தனியாள் கணினியின் தொடக்கம் திறந்த வாசலோடுதான் அமைந்தது. 1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தனது முதலாவது தனியாள் கணினியை அறிமுகஞ் செய்தபோது, அதன் உள்ளமைப்பை விவரிக்கும் தொழில்நுட்பக் கையேட்டையும் விற்பனைக்கு விட்டது. யாரும் அதற்கு மென்பொருள் எழுதலாம். யாரும் அதற்கு உதிரி அட்டை செய்யலாம். 1983 ஜனவரியில் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 எனும் கணக்கேட்டு மென்பொருள் அந்தக் கணினியை அலுவலகங்கள் தோறும் கொண்டு சேர்த்தது. அதனை விற்பதற்கு லோட்டஸ் நிறுவனம் ஐ.பி.எம்மிடம் அனுமதி கேட்டு நிற்கவில்லை. கொம்பாக் போன்ற நிறுவனங்கள் அதே அமைப்பில் தமது கணினிகளைச் செய்து விற்றதும் இந்தத் திறந்த வாசலினூடாகவே.

பூட்டு முதலில் வந்தது விளையாட்டுப் பெட்டிக்கு. 1983 இல் வட அமெரிக்காவின் வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்து வீழ்ந்தது. தரங்கெட்ட விளையாட்டுகள் கணக்கின்றிக் குவிந்தமை அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். 1985 இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் தனது கருவியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியபோது, அதனுள் ஒரு சிறிய காவற் சில்லையும் பொருத்தியது. விளையாட்டுப் பேழையில் அதற்கு இணையான சில்லு இல்லையேல் கருவி இயங்காது. அந்தச் சில்லைக் கொடுக்கும் உரிமை நின்டென்டோவிடம் மட்டுமே இருந்தது. உரிமம் பெற்ற நிறுவனமொன்று ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடவும் முடியாது. தரக் கட்டுப்பாடு என்ற நியாயமும் வணிக ஆதிக்கம் என்ற இலாபமும் ஒரே பூட்டுக்குள் அடங்கின. பின்னர் வந்த பூட்டுகள் அனைத்திலும் இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதபடி சேர்ந்தே இருந்து வந்துள்ளன.

கணினிகளுக்கும் காவல் வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியவை வைரஸ்கள். 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சல், காதற் கடிதமெனத் தோற்றமளித்து உலகைச் சுற்றி வந்தது. பிரித்தானியப் பாராளுமன்றம் தனது மின்னஞ்சல் சேவையையே இடைநிறுத்த நேர்ந்தது. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தமது ஊழியர்களுக்கு விடுத்த சுற்றறிக்கையில், புதிய வசதிகளைச் சேர்ப்பதா பாதுகாப்பா என்ற கேள்வி எழுமிடத்துப் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்கும்படி பணித்தார். கண்ட கோப்பையும் திறந்து இயக்கும் கணினி ஆபத்தானது என்பது அப்போது யாவருக்கும் விளங்கிவிட்டது.

இருப்பினும் பூட்டை மக்கள் மனமொப்பி ஏற்கச் செய்தது அப்பிள் நிறுவனமே. 2007 ஜூன் 29 ஆம் திகதி ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதே நாளில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் தமது பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். வாங்கியவர் தமது கருவியின் மென்பொருளை மாற்றியமைக்க முடியாதபடி பூட்டி வைப்பதைத் தடுக்கும் பிரிவு அதில் இருந்தது. ஒரே நாளில் எதிரெதிரான இரு வழிகள் திறந்தன. மக்கள் பெருந்திரளாகச் சென்றது முதலாவது வழியில். 2008 ஜூலையில் அப்பிளின் செயலிக்கடை திறக்கப்பட்டது. அப்பிள் பரிசோதித்து ஏற்றவை மாத்திரமே அதில் இடம்பெறும். விற்பனையில் நூற்றுக்கு முப்பது வீதம் அப்பிளுக்குச் சேரும். பூட்டை உடைத்தோர் சட்டத்தை மீறுகிறார்களா என்ற சர்ச்சை எழுந்தது. 2010 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தொலைபேசியின் பூட்டை அவ்வாறு நீக்குவது 1998 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகாது என விலக்களித்தது.

மைக்ரோசொப்ட் இதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2012 ஒக்டோபரில் வெளிவந்த 'விண்டோஸ் ஆர்.டி.' எனும் பதிப்பில், அந்நிறுவனத்தின் கடையிலிருந்து பெறும் செயலிகளை மட்டுமே நிறுவ முடிந்தது. தோற்றத்தில் விண்டோஸ், ஆனால் விண்டோஸுக்கென எழுதப்பட்ட பழைய மென்பொருள் ஒன்றும் அதில் ஓடாது. வாங்க ஆளில்லை. 2013 ஜூலையில் அந்த வகைக் கையடக்கக் கணினிகளின் பெறுமதி இழப்பாக 90 கோடி டொலரை மைக்ரோசொப்ட் தனது கணக்கில் எழுதித் தள்ளியது.

ஆயினும் எண்ணம் கைவிடப்படவில்லை. அமெரிக்கப் பாடசாலைகளில் கூகுளின் மலிவான குரோம்புக் கணினிகள் இடம்பிடித்துக்கொண்டிருந்தன. அதற்குப் பதிலடியாக 2017 மே 2 ஆம் திகதி நியூயோர்க்கில் 'விண்டோஸ் 10 எஸ்' அறிவிக்கப்பட்டது. கடைக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ முடியாது. கட்டளை வரியையும் திறக்க முடியாது. இணைய உலாவியாக எட்ஜ், தேடுபொறியாக பிங் என்பன நிலையாக வைக்கப்பட்டன. பூட்டை நீக்கி முழுமையான புரோ பதிப்புக்கு மாற 49 டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு அதில் சலுகையும் வழங்கப்பட்டது.

பத்து நாட்கள் கழித்து, மே 12 ஆம் திகதி, 'வன்னாகிரை' எனும் கப்பம் கோரும் நச்சுநிரல் உலகைத் தாக்கியது. பிரித்தானிய வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. பூட்டிய கணினியின் நியாயத்துக்கு இதனைவிடச் சிறந்த சான்று வேறு வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த நச்சுநிரல் நுழைந்த துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகளே வீழ்ந்தன. ஜூன் மாதத்தில், பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வேர்ட் ஆவணத்தில் அடங்கிய கட்டளைத் தொடரைக் கொண்டு விண்டோஸ் 10 எஸ்ஸின் காவலைச் சில மணி நேரத்தில் கடந்து காட்டினார். பூட்டு ஆபத்தைக் குறைக்கும் என்பது மெய். ஆபத்தை இல்லாமற் செய்யும் என்பது மெய்யன்று.

காவலாளிக்குத் தன்னலமும் உண்டென்பதை அதே ஆண்டு டிசெம்பர் மாதம் காட்டிற்று. தனது குரோம் உலாவியைப் பெறுவதற்கு வழிகாட்டும் ஒரு செயலியைக் கூகுள், மைக்ரோசொப்ட் கடையில் வைத்தது. விதிமுறைக்கு மாறானதெனக் கூறி மைக்ரோசொப்ட் அதனை உடனடியாக அகற்றிவிட்டது. போட்டியாளரின் பண்டத்துக்கு வாசல் திறப்பதா இல்லையா என்று தீர்மானிப்பவர் இன்னொரு போட்டியாளராகவே இருந்தார். 2018 இல் விண்டோஸ் 10 எஸ் தனிப் பதிப்பாக இருப்பது கைவிடப்பட்டு, 'எஸ் பயன்முறை' ஆயிற்று. கட்டணமும் நீக்கப்பட்டது. இன்று மலிவு விலை மடிக்கணினிகளில் நாம் காண்பது அதன் தொடர்ச்சியையே.

இதில் தமிழருக்கு என்ன என்று கேட்போருக்குச் சில நினைவூட்டல்கள். தமிழ் இணையத்தின் தொடக்க நாட்களில் பெரும்பாலான தமிழ்த் தளங்கள் தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. வாசகர் முதலில் அதனைத் தரவிறக்கி நிறுவிக்கொண்டாலன்றி ஒரு வரியும் வாசிக்க முடியாது. ஈழத்தவர் பலர் பாமினியில் எழுதப் பழகினர். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், தன்னார்வலர்கள் இலவசமாக வழங்கிய எ-கலப்பை, சென்னையிலிருந்து வந்த என்.எச்.எம். ரைட்டர் முதலியவை யுனிகோட் தமிழை எங்கள் விரல்களுக்குக் கொண்டுவந்தன. இவற்றை வெளியிட எந்தவொரு நிறுவனத்தின் வாசலிலும் யாரும் காத்திருக்கவில்லை. இணையத்தில் ஏற்றினார்கள்; எடுத்துக்கொண்டோம். விண்டோஸ் அன்று பூட்டப்பட்டிருந்தால் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து தமிழ் வலைப்பதிவுகள் அந்த வேகத்தில் பெருகியிருக்க மாட்டா.

எதிர்மாறான நிலையை ஐபோனில் கண்டோம். வெளியார் உருவாக்கும் விசைப்பலகைகளை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த அப்பிள் 2014 செப்டெம்பரில்தான் அனுமதித்தது. அதுவரை ஒரு தமிழ் மென்பொருளாளர் எத்துணை சிறந்த விசைப்பலகையைச் செய்தாலும், அதனைக் கொண்டு தொலைபேசியின் மின்னஞ்சலில் நேரடியாக ஒரு சொல் எழுத வழி இருக்கவில்லை. பெரிய மொழிகளின் தேவையை நிறுவனங்கள் தாமே கவனித்துக்கொள்ளும். சிறிய சந்தை கொண்ட மொழிகள் தம்மவர் கைவேலையை நம்பியே வாழ்கின்றன. வாசல் பூட்டப்படும்போது முதலில் வெளியே நிற்பது அவைதாம்.

பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்தவனுக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பழைய சங்கதியும் புலப்படும். 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சிடுமுன் அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் இருந்தது. கவிஞர் மில்டன் 1644 இல் அதனை எதிர்த்து நூல் எழுதினார். 1695 இல் அச்சட்டம் காலாவதியானது. நச்சு நூல்களிலிருந்து மக்களைக் காப்பதே அன்றும் கூறப்பட்ட நியாயம். ஒரேயொரு வாசல் இருக்குமாயின், அரசு அந்த ஒரு வாசற்காவலனை வளைத்தாற் போதும். 2016 டிசெம்பரில், சீன அதிகாரிகளின் கோரிக்கைப்படி 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் செயலியை அப்பிள் தனது சீனக் கடையிலிருந்து அகற்றியது. 2017 இல் தணிக்கையைக் கடக்க உதவும் வி.பி.என். செயலிகளும் அங்கிருந்து அகற்றப்பட்டன.

இலங்கையில் 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல்களை அடுத்து முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியன முடக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சு பரவியதென்ற காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் உறவினரின் நிலையறியத் தவித்தோரும் அதே தடையில் அகப்பட்டனர். பலர் வி.பி.என். செயலிகளை நிறுவித்தான் செய்தி பெற்றனர். அன்று அந்தக் கதவு திறந்திருந்தது. அதே கதவு சீனாவில் ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது.

உலகில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 2024 மார்ச் முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைச் சட்டப்படி, ஐபோனில் வேறு செயலிக்கடைகளையும் அப்பிள் அனுமதிக்க வேண்டியதாயிற்று. மறுபுறத்தில், திறந்த வாசலுக்குப் பேர்போன அண்ட்ரொயிட் தளத்தில், அடையாளத்தை உறுதிசெய்த மென்பொருளாளரின் செயலிகளையே நிறுவவிடும் திட்டத்தைக் கூகுள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும், அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி தருவதாகக் கூறியது. ஒரு புறம் திறக்க, மறுபுறம் மூடுகிறது.

இனி, வாக்களித்த வழி. விண்டோஸ் 11 உள்ள கணினியில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, 'சிஸ்டம்', அதனுள் 'அக்டிவேஷன்' என்பதைத் தெரிவு செய்க. அங்கு விண்டோஸ் ஹோம் பதிப்புக்கு மாறுவதற்கான பகுதியில் கடைக்குச் செல்லும் இணைப்பைச் சொடுக்கினால், எஸ் பயன்முறையிலிருந்து வெளியேறும் பக்கம் திறக்கும். அதில் 'கெட்' என்ற பொத்தானை அழுத்தி உறுதி செய்தால் பூட்டு நீங்கும். அருகிலேயே பதிப்பைத் தரமுயர்த்தும் இன்னோர் இணைப்பும் இருக்கும். அது வேறு அலுவல். அதனூடாகச் சென்றால் எஸ் பயன்முறை நீங்காது. கணினி பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ உரியதாயின் நிர்வாகி இம்மாற்றத்தைத் தடுத்திருக்கக்கூடும்.

ஒன்றை நன்கு நினைவிற் கொள்க: இது ஒருவழிப் பாதை. வெளியேறியபின் எஸ் பயன்முறைக்குத் திரும்ப இயலாது. ஆகவே, மின்னஞ்சலும் செய்தித்தளமும் பேரப்பிள்ளைகளின் முகமும் மட்டும் போதுமென்றிருக்கும் மூத்தோரின் கணினியில் பூட்டை அப்படியே விட்டுவைப்பதில் தவறில்லை. அவர்களை ஏய்க்க வரும் போலி மென்பொருள்கள் அனேகம். பூட்டை நீக்கியோரும் காவலின்றி இருக்கத் தேவையில்லை. அமைப்புகளில் 'அப்ஸ்' பகுதியில், செயலிகளை எங்கிருந்து பெறலாம் என்பதை நாமே தீர்மானிக்கும் தெரிவு உண்டு. கடை மட்டும் என்றோ, வெளியிலிருந்து வருவனவற்றுக்கு எச்சரிக்கை தருக என்றோ அமைக்கலாம், வேண்டும்போது மாற்றலாம்.

எஸ் பயன்முறை செய்வதில் ஒரு பகுதியை இந்த அமைப்பும் செய்கிறது. முக்கியமான வேறுபாடு, திறப்பு யார் கையில் என்பதில் இருக்கிறது. வீட்டுக்குப் பூட்டு வேண்டாமென்று சொல்வார் எவருமில்லை. அதன் திறப்பை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதே நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் இந்த வழக்கின் சாரம். அடுத்த முறை கணினி வாங்கும்போது, விலையையும் வேகத்தையும் விசாரிப்பதோடு, எஸ் பயன்முறையில் வருகிறதா என்பதையும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.