ஓட்டைக்கு ஒரு பேடன்ட்!

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சிவப்பணு இத்தனை லட்சம் என்று போட்டிருக்கிறதே, எப்படி எண்ணினார்கள்? ஒரு காலத்தில் மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க, ஒவ்வொன்றாக! கொஞ்சம் அசந்தால் கணக்கு தப்பும், வைத்தியமும் தப்பும்.

1940-களில் சிகாகோவில் வாலஸ் கூல்ட்டர் என்பவர் சிகரெட் பாக்கெட்டின் செலோஃபேன் தாளில் சூடான ஊசியால் ஒரு துளை போட்டார். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், அதில் மின்சாரம். ரத்த அணு ஒன்று துளைக்குள் நுழைந்ததும் அயனிகளுக்கு வழி குறுகும். மின்தடை ஒரு கணம் எகிறும். ஒரு துள்ளல் என்றால் ஓர் அணு! துள்ளலின் உயரம், அணுவின் பருமன்.

ஓட்டைக்கெல்லாம் பேடன்ட் கிடைக்காது என்று வக்கீல்கள் கையை விரித்தார்கள். மனிதர் விடவில்லை. 1953-ல் வாங்கியே விட்டார்.

1996-ல், நானோமீட்டர் அளவுத் துளையில் டி.என்.ஏ. இழையையே நுழையவிட்டு இதேபோல அளந்தார்கள். இன்று அந்த வழியில் அதன் எழுத்துகளையே படிக்கிறார்கள்.

பாவம், அந்த வக்கீல்கள்... எவ்வளவு ஃபீஸ் போச்சோ!